முதல் ஆளாய் முன்னால் வந்தவர்

குவாசிமா என்ற அந்தச் சின்ன ஊரில் டாக்டர் எவேலியோவைப் போல முன்னால் வந்து நிற்கத் தெரிந்தவர் யாரும் கிடையாது. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமா, ரத்தம் கொடுக்க வேண்டுமா, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்க வேண்டுமா, கூட்டத்தில் கேட்டு வாய் மூடுவதற்குள் மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்து ஓரடி முன்னால் வந்திருப்பார்.

வெளிநாட்டு மருத்துவப் பணிக்கும் அப்படித்தான். எப்போதாவது அந்த வட்டாரத்துக் கிளினிக்குகளுக்கெல்லாம் தலைமையான பாலிகிளினிக்கில் கூட்டம் போட்டு, கஷ்டப்படுகிற இன்ன நாட்டுக்கு டாக்டர்களும் நர்சுகளும் தேவை, போக விருப்பமுள்ள தோழர்கள் முன்னால் வரலாம் என்பார்கள். நாற்காலிகள் தரையில் உரசும் சத்தம் கேட்கும். மொத்தக் கூடமும் ஓரடி முன்னால் வந்து நிற்கும். விருப்பமுள்ளவர்கள்தான் போகலாம் என்பது விதி. விருப்பமில்லை என்று ஒருவர் உட்கார்ந்திருந்து யாரும் பார்த்ததில்லை என்பது வழக்கம். எல்லாரும் முன்னால் வருவதில் ஒரு சௌகரியமும் இருந்தது. வந்தவர்களில் ஒருவரையோ இருவரையோதான் கடைசியில் கூப்பிடுவார்கள். இத்தனை வருஷத்தில் எவேலியோவின் பெயர் வந்ததே இல்லை. அதனால் அவருக்கு முன்னால் வந்து நிற்பது குரூப் போட்டோவில் முதல் வரிசையில் நிற்பது போலத்தான். நின்றார், சிரித்தார், வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்.

அந்த வருஷம் ஹோண்டுராஸ் மலைப்பகுதிக்கு ஆள் கேட்டார்கள். நாற்காலிகள் உரசின. எவேலியோ வழக்கம்போல முதல் ஆளாக எழுந்து நின்று திரும்பிப் பார்த்தால், அவருடைய நர்ஸ் நெரெய்தா மடியில் கைகோத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். காது கேட்கவில்லையோ என்று யாரோ அவள் தோளைத் தட்டினார்கள்.

"கேட்டுச்சு," என்றாள் நெரெய்தா. "எனக்குப் பயமா இருக்கு. கரண்ட் போனா என் வீட்டுலயே ஒத்தையில படுக்க மாட்டேன். அந்தக் காட்டுல போய் நான் என்ன செய்வேன்? பயத்தை மறைச்சுக்கிட்டு எழுந்து நிக்கத் தெரியல எனக்கு."

பாலிகிளினிக் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். எவேலியோவுக்குத்தான் முகம் சிவந்துவிட்டது. மற்றவர்களின் நர்ஸ் எல்லாம் நிற்க, தன் நர்ஸ் மட்டும் உட்கார்ந்திருந்தால் யாருக்குத் தலைகுனிவு? அவர்கள் இருவரும் இருந்தது ஒரே கட்டடம். கீழே கிளினிக், அதற்கு மேல் டாக்டர் வீடு, அதற்கும் மேல் நர்ஸ் வீடு. ஏறி இறங்க வெளிப்பக்கமாக ஒரே படிக்கட்டு. வீடு திரும்பும்போது அந்தப் படிக்கட்டில் அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. கொஞ்ச நாளில் சீனாவிலிருந்து கலர் டெலிவிஷன்கள் வந்து இறங்கின. கடையில் போய் வாங்கக் கிடைக்காது. வேலை செய்யும் இடத்துக்கு இத்தனை என்று வரும். யார் தகுதியானவர் என்று தொழிலாளர்களே கூட்டத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவரின் நல்லது கெட்டதையும் முகத்துக்கு நேராகப் பேசிக் கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். தகுதி பெற்றவர் தவணையில் வாங்கிக்கொள்ளலாம். குவாசிமா பக்கத்து கிளினிக்குகளுக்கெல்லாம் சேர்த்து வந்தது ஒன்றே ஒன்று.

அது நெரெய்தாவுக்குத்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். எவேலியோ அங்கே வருவதற்கு முன்பிருந்தே அவள் அந்த கிளினிக்கில் இருக்கிறாள். வெள்ளம் வந்த வருஷம் தடுப்பூசிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தவள். லீவு என்ற சொல் அவள் வாயில் வந்ததில்லை. அவளுக்கே அந்த நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். மத்தியானம் நோயாளிகள் இல்லாத வேளையில் பெஞ்சில் உட்கார்ந்து, டெலிவிஷன் வைக்கப்போகிற மேசைக்கென்று வெள்ளை நூலில் குஞ்சம் வைத்த ஒரு விரிப்பைப் பின்னிக்கொண்டிருந்தாள். டெலிவிஷன் பிறக்கும் முன்னே அதற்குச் சட்டை தைத்தாயிற்றா என்று எவேலியோ கூடக் கேலி செய்திருக்கிறார். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

கூட்டத்தில் கடைசியாக இரண்டு பெயர்கள் மிஞ்சின. ஒன்று நெரெய்தா, இன்னொன்று எவேலியோ. அவர் மனைவி இல்டா காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள், விட்டுக்கொடுத்துவிட்டு வா, நமக்கு இந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டி போதும் என்று. விட்டுக்கொடுக்கத்தான் எழுந்தார். சத்தியமாக அதற்குத்தான் எழுந்தார். ஆனால் எழுந்து நின்றதும் கூடம் முழுக்க அவரைப் பார்த்தது. பார்க்கிற கண்களுக்கு முன்னால் அவர் வாய் எப்போதுமே அவர் பேச்சைக் கேட்டதில்லை.

"இதைச் சொல்ல எனக்கே மனசு வரல," என்றார். "நெரெய்தா எனக்கு அக்கா மாதிரி. ஆனா ஆள் வேணும்னு கூப்பிட்டப்ப யாரு எழுந்தாங்க, யாரு உட்கார்ந்திருந்தாங்கங்கிறதை இந்தக் கூட்டம் மறந்துடக் கூடாது, தோழர்களே."

கைகள் உயர்ந்தன. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு மளமளவென்று. எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கடைசியாக நெரெய்தாவும் கையைத் தூக்கினாள், அவருக்கு ஆதரவாக.

டெலிவிஷன் டாக்டர் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தது. சாயங்காலத் தொடர் ஆரம்பிக்கும் நேரத்துக்குத் தெருவே நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். தெருக் கமிட்டித் தலைவி ஒர்தென்சியா முன்வரிசையில் இடம் பிடித்து, தொடரில் வரும் கெட்டவனைப் பெயர் சொல்லித் திட்டுவாள். நெரெய்தா மட்டும் வந்ததில்லை. எவேலியோவின் தலைக்கு மேலே கூரையில் அவள் நடமாடும் சத்தம் கேட்கும். சும்மா சொல்லவில்லை, அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் டெலிவிஷன் ஒலியைக் கூட்டி வைப்பார்.

பிறகு அழைப்பு வந்தது. ஹோண்டுராஸ் குழுவில் டாக்டர் எவேலியோ. கழுதையில் ஏறிப் போக வேண்டிய மலைக் கிராமம், சுற்றுவட்டாரத்துக்கே ஒரே டாக்டர், இரண்டு வருஷம்.

தெரு கொண்டாடியது. ஒர்தென்சியா வழியனுப்பு விருந்துக்கென்று தன் பன்றியை ஒதுக்கிவைத்துவிட்டாள். எதிரே வந்தவர்களெல்லாம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். எவேலியோ சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்க கிளினிக்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்தியதும் சிரிப்பைக் கழற்றிவைத்தார்.

அவர் பயந்தது பாம்புக்கோ இருட்டுக்கோ இல்லை. அது மட்டும் என்றால் அவரே சிரித்துக்கொண்டு போயிருப்பார். அவர் பயம் வேறு. இத்தனை வருஷத்தில் சிக்கலான ஒரு பிரசவத்தையும் அவர் தனியாகப் பார்த்ததில்லை. குழந்தை குறுக்கே கிடந்தால் ஆம்புலன்ஸ். காய்ச்சல் மூன்றாம் நாளும் இறங்காவிட்டால் பாலிகிளினிக். ஆழமான வெட்டுக்காயம் என்றால் மாகாண ஆஸ்பத்திரி. அனுப்பிவைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஜனங்கள் அதை ஜாக்கிரதை என்று மெச்சினார்கள். ஆம்புலன்ஸ் இல்லாத மலையில் அதன் சாயம் முதல் பிரசவத்திலேயே வெளுத்துவிடும். அங்கே அவர் செத்துப்போவதைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலை இல்லை. இன்னொருத்தி அவர் கையில் சாவாள் என்பதைத்தான் நினைக்க முடியவில்லை.

வேண்டாம் என்று சொல்ல வழி இல்லாமல் இல்லை. பாலிகிளினிக் தலைவர் தனியாகக் கூப்பிட்டு, மனதில் ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், அடுத்த ஆளைப் பார்க்கிறோம், இதில் தப்பொன்றும் இல்லை என்று தன்மையாகத்தான் கேட்டார். இல்டாவும் கேட்டாள். "உனக்கு இஷ்டமா இல்லையா, அதை மட்டும் சொல்லு. மத்ததை நான் பார்த்துக்கறேன்," என்றாள். அவர் இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: நான் போகாமல் இருப்பேனா?

பயம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒரு சொல். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னவளை எழுந்து நின்று அவமானப்படுத்தி, அதற்குக் கூலியாக வந்த பெட்டி கூடத்தில் உட்கார்ந்திருக்கிறதே. இப்போது அதே சொல்லை எந்த வாயால் சொல்வது?

புறப்படுவதற்கு முன் மாகாணத் தலைநகரில் உடல் பரிசோதனை. அன்று காலை கிளினிக் அலமாரியைத் திறந்து, மூக்கடைப்புக்குக் கொடுக்கும் மாத்திரைகளைக் கைநிறைய எடுத்துக்கொண்டார். அவை ரத்த அழுத்தத்தைத் தூக்கிவிடும் என்பது எந்த டாக்டருக்கும் தெரியும். கெட்டியான காபி ஒரு பாத்திரம் குடித்து, அதன்மேல் மாத்திரைகளை விழுங்கி, பரிசோதனைக்கு முன் ஆஸ்பத்திரிப் படிகளில் மூச்சிரைக்க ஏறி இறங்கினார். அங்கிருந்த டாக்டர் ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்துவிட்டு, இந்த பிரஷரை வைத்துக்கொண்டு மலைக்கா போகிறீர்கள், நல்லவேளை இப்போதே தெரிந்தது என்று கருவியை மடித்துவைத்தார்.

அந்த இடத்தில் எவேலியோ செய்ததை நினைத்தால் பிற்பாடு அவருக்கே உடம்பு கூசும். வாதாடினார். நான் போயே தீர வேண்டும், என் மக்களுக்கு என்ன பதில் சொல்வேன் என்று கண்ணில் நீர் தளும்பக் கெஞ்சினார். அந்த டாக்டர் எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டு, உங்களைப் போல நாலு பேர் இருந்தால் போதும் என்றார்.

அவருக்குப் பதிலாக அமாவ்ரி போனான். அடுத்த கிளினிக்கின் இளம் டாக்டர். கல்யாணமாகி ஒரு வருஷம், மனைவி மைத்தே முழுகாமல் இருந்தாள். அவனும் அன்றைய கூட்டத்தில் எல்லாரோடும் முன்னால் வந்து நின்றவன்தான். எவேலியோவுக்கென்று ஒதுக்கிய பன்றி அமாவ்ரிக்குச் சுடப்பட்டது. தோல் மொறுமொறுவென்று பொன்னிறமாக வந்திருந்தது. எவேலியோவுக்கு முன்னால் உப்புப் போடாமல் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை வைத்தாள் ஒர்தென்சியா. "இனிமே உங்களுக்கு இதுதான், மகனே," என்று அவர் கன்னத்தைத் தட்டினாள்.

தண்டனை என்று யாராவது கொடுத்திருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். கிடைத்தது அன்பு. ஒரு மனுஷனுக்குத் தாங்கிக்கொள்ளவே முடியாத சாமான் அது.

தெரு முழுக்க அவருடைய பிரஷரைத் தத்தெடுத்துக்கொண்டது. முன்பெல்லாம் வீடு வீடாக நோயாளிகளைப் பார்க்கப் போனால் வாசலிலேயே காபி வரும். இப்போது எலுமிச்சம்புல் கஷாயம் வந்தது. ஒர்தென்சியா தினம் ஒரு தூக்கில் உப்பில்லாத கறுப்பு பீன்ஸ் சூப் கொண்டுவந்து, அவர் குடித்து முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்திருப்பாள். அவர் பையைத் தூக்க விடமாட்டார்கள், சைக்கிள் மிதிக்க விடமாட்டார்கள். இல்டா அவருக்குத் துணையாகத் தானும் காபியை விட்டுவிட்டாள். அந்த வீட்டில் காபி வாசனை வந்து மாதக் கணக்காகிவிட்டது.

தினமும் கிளினிக் திறந்ததும் எல்லாருக்கும் முன்னால் டாக்டருக்கு பிரஷர் பார்க்க வேண்டும் என்பதும் ஒர்தென்சியாவின் உத்தரவுதான். முதல் நாள் நெரெய்தா பட்டையைச் சுற்றி, காற்றடித்து, காதில் குழாயை வைத்துக் கேட்டாள். நூற்றிருபதுக்கு எண்பது. நல்ல குதிரைக்கு இருக்கிற மாதிரி பிரஷர். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். மாத்திரை வேலை செய்கிறது போல என்று முணுமுணுத்தார். அவர் மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை என்பது மாத்திரை எடுத்துக் கொடுக்கிற அவளுக்குத் தெரியாதா?

மறுநாள் அவள் பட்டையைச் சுற்றினாள், காற்றடித்தாள், பிறகு குழாயைத் தன் காதிலிருந்து எடுத்து அவர் காதில் மாட்டிவிட்டாள்.

"நீங்களே கேட்டுக்கங்க டாக்டர். நம்பரை நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க," என்றாள் தாழ்ந்த குரலில். "எனக்குப் பொய் வராது. உங்களைக் காட்டிக்கொடுக்கவும் வரல."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. பெஞ்சில் காத்திருப்பவர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்க, அவர் தன் கையிலிருந்து வரும் ஒழுங்கான சத்தத்தைக் கேட்டுவிட்டு, நூற்றறுபது, நூற்றறுபத்தைந்து என்று எதையாவது சொல்வார். பெஞ்சு முழுக்க உச்சுக்கொட்டும்.

மைத்தேயும் அந்தப் பெஞ்சில்தான் வந்து உட்காருவாள். அமாவ்ரி இல்லாததால் அவளுடைய பரிசோதனைகளும் எவேலியோவிடம் வந்தன. வயிறு பெரிதாகப் பெரிதாக அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நடந்து வருவாள். வந்து உட்கார்ந்ததும் முதலில் அவருடைய உடம்பைப் பற்றித்தான் விசாரிப்பாள். தன் புருஷன் போக வேண்டியதாயிற்றே என்று ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நீங்கள் போக முடியவில்லையே என்று மனதுக்குள் எவ்வளவு வேதனைப்படுவீர்கள் என்று எனக்குத் தெரியும் டாக்டர் என்று ஒரு நாள் சொன்னாள். அவர் அவள் கால் வீக்கத்தை அழுத்திப் பார்க்கிற சாக்கில் குனிந்துகொண்டார். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

குழந்தை பிறந்தது, பெண். மாகாண ஆஸ்பத்திரியில்தான். எவேலியோ முன்ஜாக்கிரதையாக ஒரு வாரத்துக்கு முன்பே அனுப்பிவைத்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அமாவ்ரி மலையிலிருந்து இறங்கி ஏதோ ஒரு ஊரிலிருந்து போன் செய்தான். தெருவிலிருந்த ஒரே போன் ஒர்தென்சியா வீட்டில். மைத்தே பேசி முடித்து, அழுது முடித்து, உங்களிடமும் பேச வேண்டுமாம் என்று அவரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

அமாவ்ரியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. மைத்தேயைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொன்னான். பிறகு, போன வாரம் கால் முன்னால் வந்த பிரசவம் ஒன்றை மண்ணெண்ணெய் விளக்கில் பார்த்ததாகச் சொன்னான். தாய் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. இதற்கு முன் அப்படியொன்றை அவன் பார்த்ததில்லை.

"பயந்து செத்தேன், டாக்டர்," என்றான். "உங்களைத்தான் நினைச்சுக்கிட்டேன். நீங்க வந்திருந்தா அந்தக் குழந்தையைக் காப்பாத்தியிருப்பீங்க. சரி, விடுங்க. நீங்க உடம்பைப் பார்த்துக்கங்க. பிரஷரை அலட்சியமா விடாதீங்க."

எவேலியோ போனை வைத்தார். ஒர்தென்சியா கஷாயத்தோடு நின்றாள். அதை வாங்காமல் தெருவைக் கடந்து தன் வீட்டுக்குப் போனார்.

என்ன செய்யப்போகிறோம் என்று அவர் யோசித்ததாகச் சொல்ல முடியாது. கூடத்துக்குள் நுழைந்ததும் அந்தப் பெட்டி கண்ணில் பட்டது. ஒயரைப் பிடுங்கினார். இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். அந்தக் காலத்துக் கண்ணாடிக் குழாய் டெலிவிஷன், நல்ல கனம். எங்கே தூக்கிக்கொண்டு போகிறாய் என்று இல்டா சமையலறையிலிருந்து கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வெளிப்படிக்கட்டுக்கு வந்து மேலே ஏறத் தொடங்கினார். மேலே கொண்டுபோய் நெரெய்தா வீட்டு வாசலில் வைத்துவிட வேண்டும். கதவைத் தட்ட வேண்டும். அதற்கப்புறம் என்ன சொல்வது என்பது தெரியவில்லை. ஒருவேளை எதுவுமே சொல்லாமல் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்றுகூட மனதின் ஒரு மூலை கணக்குப் போட்டது. அவ்வளவு அவமானத்திலும் அந்த மூலை மட்டும் சுறுசுறுப்பாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. தெருவில் டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் தலையை நிமிர்த்தினார்கள். பிரஷர்காரர் டெலிவிஷனைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார். காய்களை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஒருவர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார், ஒருவர் இவரை இடுப்பில் தாங்கிக்கொண்டார், இன்னொருவர் கீழே ஓடி நாற்காலி கொண்டுவந்தார். சாக வேண்டும் என்று ஆசையா டாக்டர், ரிப்பேர் என்றால் எங்களிடம் சொல்ல மாட்டீர்களா என்று ஆளாளுக்குத் திட்டினார்கள். படிக்கட்டின் நடுவில் இருந்த திருப்பத்தில் அவரை உட்காரவைத்து விசிறினார்கள். ஒர்தென்சியா கீழேயிருந்து மூச்சிரைக்க ஏறிவந்து, மேலே பார்த்து நெரெய்தாவைக் கூப்பிட்டாள். மனுஷன் முகம் எப்படி வெளுத்திருக்கிறது பார், பிரஷர் பெட்டியை எடுத்துக்கொண்டு சீக்கிரம் வா என்றாள்.

நெரெய்தா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிவந்தாள். டெலிவிஷனைப் பார்த்தாள். அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்பதையும் பார்த்தாள். அவர் சட்டைக் கையை மடித்து, பட்டையைச் சுற்றி, காற்றடித்தாள். பிறகு வழக்கம்போலக் குழாயை அவர் காதில் மாட்டினாள்.

படிக்கட்டு முழுக்க ஆட்கள். மைத்தே குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு கீழ்ப்படியில் நின்றாள். இல்டா வீட்டுக் கதவில் சாய்ந்து நின்றாள். எவேலியோவின் காதுக்குள் அவருடைய ரத்தம் ஒரு குறையும் இல்லாமல் தட்டிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு, மகனே?" என்றாள் ஒர்தென்சியா.

"நூத்தி இருபது, எண்பது," என்றார்.

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ஒருவர் கைதட்டினார். கஷாயம் வேலை செய்துவிட்டது என்று ஒர்தென்சியா நெஞ்சில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். அடுத்த குழுவில் நீங்கள் கண்டிப்பாகப் போய்விடலாம் டாக்டர் என்றார் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தவர். உண்மையைச் சொல்லியும் அது அவருக்கு மாலையாக வந்து விழுந்தது. அதை அப்படியே கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போயிருக்கலாம். மனதின் அந்த மூலை அதைத்தான் சொன்னது.

அவர் குழாயைக் காதிலிருந்து எடுத்தார்.

"எப்பவுமே அவ்வளவுதான் இருந்துச்சு. பரிசோதனைக்குப் போன அன்னிக்கு மாத்திரை சாப்பிட்டு நானே ஏத்திக்கிட்டேன்," என்றார். தலையைத் தூக்காமல், கீழ்ப்படியில் தெரிந்த மைத்தேயின் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு வியாதி இல்ல. பயம். நெரெய்தா கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொன்னாங்களே, அதேதான். அவங்க சொன்னாங்க. நான் சொல்லல."

விசிறிக்கொண்டிருந்த கை நின்றது. மைத்தேயின் செருப்பு திரும்பியது. ஒவ்வொரு படியாக இறங்கி, தெருவுக்குள் போய், கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. குழந்தை சிணுங்குவது மட்டும் கேட்டது. இல்டா வீட்டுக்குள் போனாள்.

வெகுநேரம் கழித்து, பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் கை வலித்துக் கேட்டார்: "அப்ப இதை எங்கதான் வைக்கிறது?"

நெரெய்தா கருவியைச் சுருட்டினாள். "மேல கொண்டாங்க," என்றாள். "மிச்சத் தவணையை இனிமே என் சம்பளத்துல பிடிக்கச் சொல்லிக்கறேன்."

எழுந்து போக எந்தப் பக்கமும் வழியில்லாமல் எவேலியோவும் அவர்களோடு மேலே போக வேண்டியதாயிற்று. டெலிவிஷன் கூட்டத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைக்கவில்லை. சின்னக் கூடம். ஜன்னலுக்கு எதிரே சுவரோரமாக ஒரு மேசை. அதன்மேல் அந்த வெள்ளை விரிப்பு, துவைத்துத் தேய்த்து, குஞ்சங்கள் நான்கு பக்கமும் ஒரே அளவில் தொங்க விரித்தபடி இருந்தது. மேலே ஒரு பூச்சாடிகூட இல்லை. இத்தனை மாதமும் அது அப்படியேதான் இருந்திருக்கிறது. அவர்கள் பெட்டியை இறக்கிவைத்தார்கள். அளவெடுத்துப் பின்னியது போல அது கச்சிதமாக உட்கார்ந்தது.

யாரும் கிளம்பவில்லை. ஒர்தென்சியா எவரையும் கேட்காமல் நெரெய்தாவின் சமையலறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் காபி வாசனை வந்தது. தட்டில் சின்னக் கோப்பைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். எவேலியோவுக்கு முன்னால் வந்ததும் நின்றாள். உப்பில்லாமல் தான் காய்ச்சிய அத்தனை சூப்பையும் ஒரு தடவை நினைத்துப் பார்த்திருப்பாள் போல. பிறகு கோப்பையை நீட்டினாள்.

"குடிங்க, டாக்டர்," என்றாள். மகனே என்று சொல்லவில்லை. "உங்களுக்குத்தான் ஒண்ணுமில்லையே."

எத்தனையோ மாதமாக அவர் ஏங்கிக் கிடந்த காபி. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அதை அவர் கடைசிச் சொட்டுவரை குடிக்க வேண்டியிருந்தது.